எப்போதும் முயன்றவர்

அந்தக் கடிதம் எனக்குக் கிடைத்தது 1994ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில். ஒரே ஒரு தாள். இரண்டு பந்திகள். கீழே எங்கள் தலைமைச் சமையல்காரர், ஷெஃப் ஸ்டாடல்மனின் கையெழுத்து.

லுசேர்ணில் ஏரிக்கரையோரம் இருந்த ஒரு ஹோட்டலின் குசினியில் ஏழு வருடமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஏற்கெனவே வேலை செய்த இடத்திலிருந்து ஒரு சேவைச் சான்றிதழ் வாங்கி இணைக்கவேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். சொய்க்னிஸ் என்பார்கள். அது இல்லாவிட்டால் விண்ணப்பத்தை ஒருவரும் திறந்தும் பார்க்கமாட்டார்கள். ஆனால் அதைக் கேட்டவுடனேயே, இவன் போகப் பார்க்கிறான் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில், கேட்பதற்கே எனக்கு மூன்று மாதம் எடுத்தது. கேட்டபோது ஸ்டாடல்மன் ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினார். இரண்டு கிழமை கழித்து உறையில் போட்டுத் தந்தார்.

எனக்கு அப்போது குசினி ஜேர்மன் தெரியும். சூடு, தண்ணீர், கெதியாய், கவனம், முடிந்துவிட்டது. கடித ஜேர்மன் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பேர்சி வரும்வரை உறையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பேர்சி மன்னார்ப் பெடியன். ஓல்டனில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. தடித்த அகராதி ஒன்று வைத்திருந்தான். அந்தப் பகுதித் தமிழரில் அரைவாசிப் பேருக்கு வருகிற கடிதங்களை அவன்தான் வாசித்துச் சொல்வான். பூசை முடிந்து நேரே ரயிலேறி வந்திருந்தான். கோட்டைக் கழற்றாமலே தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். அகராதியை நாலு தரம் புரட்டினான்.

"1993 வசந்தகாலம் வரைக்கும் உங்கட வேலை எங்களுக்கு முழுத் திருப்தி எண்டு எழுதியிருக்கிறார்," என்றான். "அதுக்குப் பிறகுதான் அண்ணை விசயம். அதுக்குப் பிறகு, குடுத்த வேலையளைச் செய்யிறதுக்கு இவர் ஸ்டெட்ஸ் பெமூட். ஸ்டெட்ஸ் எண்டால் எப்பவும். பெமூட் எண்டால் முயற்சி எடுக்கிற ஆள். விளங்குதோ? முதல்ல திருப்தி. பிறகு அதுக்கும் மேலால விடாமுயற்சி."

"உண்மையாவோ?"

"பின்னை? எனக்கு என்ர கொம்பனி தந்தது ரெண்டு வரி. வந்தார், நிண்டார் எண்டு. உங்களுக்கு மனுசன் திருக்குறள் மாதிரி எழுதியிருக்கிறார். இதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம்."

நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் 1993 வசந்தத்துக்குப் பிறகு நான் எப்படி வேலை செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு 1992 கார்த்திகையில் பி பெர்மிட், குடும்பத்தைக் கூப்பிட உரிமை தரும் வதிவிட அனுமதி, கிடைத்தது. ஐந்து வருடம் காத்திருந்து கிடைத்தது. அடுத்த நாளே மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். கொழும்பில் உள்ள தூதரகத்தில் நேர்முகம், சித்திரை மாதத்தில் என்று திகதி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வர அந்த நாட்களில் கிளாலிக் கடல் ஒன்றுதான் வழி. என் மனைவி சந்திரமதி, கடிதங்களையும் கலியாணப் பதிவையும் பொலித்தீன் பையில் கட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு படகேறியிருக்கிறாள். படகில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. பதின்மூன்று பேர் ஏறினார்கள். நாலு பேர் கரைக்கு வந்தார்கள்.

அவளுடைய தம்பி தவச்செல்வன் கொழும்பிலிருந்து ஹோட்டலுக்கு ரெலிபோன் எடுத்தான். என்னிடம் வேறு நம்பர் இல்லை. குசினிச் சுவரில், பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில் அந்த ரெலிபோன் இருந்தது. மத்தியானச் சாப்பாடு உச்சத்தில் இருந்த நேரம். அவன் "அத்தான்" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னான். பிறகு சொன்னான். நான் "ஓம்" என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு மெஷினைத் திறந்து கழுவின கோப்பைகளை வெளியே எடுத்தேன். நெருப்பாய்ச் சுட்டன. அடுத்த தட்டை உள்ளே தள்ளினேன். அன்றைக்கு முழு வேலையும் செய்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொல்லலாம் என்று நினைத்தபோது, ஏன் மூன்று நாள் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற யோசனை வந்தது. அப்படியே போய்விட்டது. பேர்சிக்கு மட்டும் தெரியும்.

தூதரகத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பதாரி நேர்முகத்துக்குச் சமுகமளிக்காததால் கோப்பு மூடப்பட்டது என்று எழுதியிருந்தது. தவச்செல்வன் மரணச் சான்றிதழ் எடுக்க இரண்டு மாவட்டத்து அரசாங்கக் கச்சேரிகளுக்கு அலைந்தான். உடல் இல்லாமல் பதியமுடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு குசினியில் என் கைகள் வேலை செய்தன. நான் அங்கே இருக்கவில்லை. கழுவின பானையைத் திரும்பக் கழுவுவேன். கழுவாததைத் தட்டில் அடுக்குவேன். கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் கேட்கும். ரெலிபோன் அடித்தால் மட்டும் உடனே கேட்கும். அது அடிக்கிற ஒவ்வொரு தரமும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். மரக்கறிக்காரன், மீன்காரன், முதலாளியின் மனைவி, யாராவது அழைத்திருப்பார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை நிற்பேன். ஒரு நாளைக்கு முப்பது தரம் அடிக்கும்.

வேலையை மாற்றவேண்டும் என்று நான் முடிவெடுத்தது அதனால்தான். பெரிய நோக்கம் ஒன்றும் இல்லை. ரெலிபோன் இல்லாத ஒரு அறை வேண்டியிருந்தது. முதியோர் இல்லங்களில் தமிழரை எடுக்கிறார்கள் என்று பேர்சி விசாரித்துச் சொன்னான். செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய உதவித் தாதியர் வகுப்பில் சேர்ந்தேன். ஹோட்டலில் மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் நடுவில் மூன்று மணி நேர இடைவெளி உண்டு. மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள். நான் பஸ் பிடித்து வகுப்புக்கு ஓடுவேன். படுக்கையில் இருப்பவரை நோகாமல் திருப்புவது எப்படி, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும், பிறகுதான் தொடவேண்டும். இதை ஒருவரை ஒருவர் வைத்துப் பழகினோம். என்னை ஒரு போர்த்துக்கேயப் பெண் திருப்பிப் படுக்க வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அந்த ஒரு நிமிடம், நான் இருக்கிற இடத்திலேயே இருந்தேன்.

ஆகவே, ஸ்டாடல்மனின் கடிதத்தைப் பேர்சி வாசித்துச் சொன்னபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நன்றாக ஒளித்திருக்கிறேன். ஒருவரும் காணவில்லை. கண்டது முயற்சி மட்டும்தான். அந்த மனிதரின் நல்ல மனதுக்கு ஒரு நாள் நன்றி சொல்லவேண்டும்.

பன்னிரண்டு பிரதி எடுத்தோம். ஓல்டன், ஆராவ், லுசேர்ண், சூர்சே என்று பன்னிரண்டு முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினேன். வகுப்புச் சான்றிதழ், என் விபரக்கோவை, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டாடல்மனின் கடிதம். அதை மேலே வைக்கச் சொன்னது பேர்சி. முதலில் பார்க்கிறதே மனதில் நிற்கும் என்றான்.

பதினொரு இடத்திலிருந்து மறுப்பு வந்தது. எல்லாம் மரியாதையாக, எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லி. பன்னிரண்டாவதாகச் சூர்சேயில் இருந்த ஒரு இல்லம் நேரில் வரச் சொல்லி எழுதியது.

அங்கே தாதியர் பொறுப்பில் இருந்தவர் வில்லிகர் அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த குட்டை முடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கிய கண்ணாடி. எனக்காக மெதுவாக, புத்தக ஜேர்மனில் பேசினார். வகுப்பைப் பற்றிக் கேட்டார். படுக்கைப் புண் வராமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு தலையணையைக் கதிரையில் வைத்து, இதுதான் நோயாளி என்றால் எப்படித் தூக்குவீர்கள் என்றார். தூக்கிக் காட்டினேன். அவருக்குத் திருப்தி என்று முகத்தில் தெரிந்தது. அதன் பிறகுதான் ஸ்டாடல்மனின் கடிதத்தை மேசை நடுவில் வைத்தார்.

"இதை ஏன் எனக்கு அனுப்பினீர்கள்?"

கேள்வி எனக்கு விளங்கவில்லை. அது நல்ல கடிதம், அதனால் அனுப்பினேன் என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பகிடி விடுகிறேனா என்று பார்த்திருக்கவேண்டும். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இந்த நாட்டில் சொய்க்னிஸில் ஒருவரைப் பற்றிக் கெட்டதாக எழுதக்கூடாது, ஆனால் பொய்யும் எழுதக்கூடாது என்றார். அதனால் எழுதுகிறவர்களுக்குள் ஒரு பாஷை இருக்கிறது. முழுத் திருப்தி என்றால் மிக நல்ல வேலையாள். திருப்தி என்று மட்டும் எழுதினால் சுமார். அவர் விரல் தாளில் இறங்கி வந்து அந்தச் சொல்லில் நின்றது. பெமூட்.

"முயன்றார் என்று எழுதினால், முயன்றார், ஆனால் முடியவில்லை என்று அர்த்தம். இதைவிடக் கீழான சொல் கிடையாது. பள்ளிக்கூடம் முடித்த ஒவ்வொருவருக்கும் இங்கே இது தெரியும். இப்படி ஒரு கடிதத்தை எல்லோரும் கிழித்துப்போடுவார்கள். நீங்கள் அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களைப் பார்க்கவேண்டும் என்று கூப்பிட்டேன்."

என் காதுக்குள் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு பிரதிகள். பேர்சியின் கண்ணாடிச் சட்டம். நான் ஒளித்ததாக நினைத்த ஒன்றும் ஒளிக்கப்படவில்லை. அந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்து, எழுதி, உறையில் போட்டு என் கையிலேயே தந்திருக்கிறார். நான் அதை ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

அவர் விரல் இன்னும் கொஞ்சம் மேலே போனது.

"ஆனால் இந்தக் கடிதம் விசித்திரமானது," என்றார். "இப்படித் திகதி போட்டு யாரும் எழுதுவதில்லை. 1993 வசந்தம் வரைக்கும் மிக நல்ல வேலையாள். அதற்குப் பிறகு இல்லை. ஒரு மனிதன் ஒரே வசந்தத்தில் இப்படி மாறமாட்டான். என்ன நடந்தது?"

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். வாசிக்கத் தெரியாமல் நூறு தரம் பார்த்த தாள்தான். அதில் அவள் செத்த காலம் அச்சில் இருந்தது. எழுதியவருக்கு அது தெரியாது. என் கைகளைப் பார்த்தே, அவை எப்போது நின்றன என்று கணக்காகக் கண்டுபிடித்திருக்கிறார். எந்தக் கச்சேரியும் பதியமாட்டோம் என்ற மரணத்தை ஒரு சமையல்காரர் பதிந்திருக்கிறார்.

சொல்ல வாயெடுத்தேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் நேரே சொல்லமாட்டோம். ஆள் முடிஞ்சுது என்போம். எனக்குத் தெரிந்த ஜேர்மன் குசினி ஜேர்மன். உருளைக்கிழங்கு தீர்ந்தால், சூப் தீர்ந்தால், பெர்டிக் என்று கத்துவோம். முடிந்தது. அதையே சொன்னேன். என் மனைவி பெர்டிக்.

வில்லிகர் அம்மாவின் முகம் இளகியது. விபரக்கோவையைப் புரட்டி, திருமணமானவர் என்று நான் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார். பிரிந்துவிட்டீர்களா, விவாகரத்து இன்னும் முடியவில்லையா என்று கேட்டார். இங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதலும் சொன்னார்.

அவளை நான் விட்டுவிட்டேன் என்று இந்த அம்மா நினைக்கிறார். இல்லை, இல்லை என்று கையை ஆட்டினேன். வகுப்பில் படித்த சொல் ஒன்று இருந்தது. நோயாளிகளுக்காகப் படித்த சொல். அதை அவள் பெயரோடு சேர்த்து நான் எந்த மொழியிலும் சொன்னதில்லை.

"ரோட்," என்றேன். செத்துவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கடைசியில், யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். ஒரு நண்பனுக்கு என்றேன். ஹோட்டலில் தெரியாதா என்றார். தெரியாது என்றேன்.

ஆட்களை எடுப்பது தான் மட்டும் இல்லை, ஒரு குழு இருக்கிறது, இந்தக் கடிதத்தோடு உங்களை அவர்கள் முன்னால் வைக்கமுடியாது என்றார். ஷெஃபிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வேறு கடிதம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடும், அதற்கு முதல் கொண்டுவந்தால் பார்க்கிறேன்.

அன்றைக்குச் செவ்வாய். அடுத்த நாள் இடைவேளையில் ஸ்டாடல்மனின் அறைக்குப் போனேன். குசினிக்குப் பின்னால், ஒரு மேசையும் தட்டச்சு இயந்திரமும் மட்டும் இருக்கிற இடம். அடுத்த கிழமைச் சாப்பாட்டுப் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தரம் பெர்டிக் என்று சொல்லவில்லை. முதல் நாள் ரயிலில் வரும்போதே முழு வசனத்தையும் கட்டி வைத்திருந்தேன். என் மனைவி போன வருடம் சித்திரையில் இறந்துவிட்டாள், அந்த ரெலிபோன் அதற்காகத்தான் வந்தது.

அவர் விரல்கள் இயந்திரத்தின் மேலேயே நின்றன.

"அன்றைக்கு நீ கடைசிவரை நின்று வேலை செய்தாய்," என்றார்.

"ஓம்."

"நான் உன்னைக் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். கோட்ஸ் என்று கேட்டேன். நீ கோட் என்றாய்."

உண்மைதான். எப்படிப் போகுது என்று அவர்கள் காலையில் கேட்கிற ஒற்றைச் சொல் அது. போகுது என்பது பதில். நான் அதை வணக்கம் என்பது போல எடுத்திருந்தேன். அவர் கேள்வியாகவே கேட்டிருக்கிறார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் எனக்கு அதுவரை தெரியாது. போன ஐப்பசியில் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டச் சொல்லி மேலிடம் சொல்லியிருக்கிறது. ஆறு வருடம் பார்த்த ஆள், திரும்பி வருவான் என்று இவர் மறுத்திருக்கிறார். சொய்க்னிஸ் கேட்டபோது பொய் எழுத மனம் வரவில்லை, முழு மோசமாகவும் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் வசந்தத்தைப் போட்டேன் என்றார். வாசிக்கிறவர் யாராவது உன்னைக் கேட்கட்டும் என்று.

பிறகு சாப்பாட்டுப் பட்டியலை உருவி எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றைப் போட்டார்.

"ஏழு வருடமும் முழுத் திருப்தி என்று எழுதித் தருகிறேன். இப்போது அது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. உனக்கு வேலை கிடைக்கும்."

நான் ஓம் என்றிருக்கவேண்டும். அதற்காகத்தான் போயிருந்தேன். அந்த ஒரு வரி போதும், குழுவில் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவர் அடிக்கத் தொடங்கினார். ஏழு வருடம் என்ற சொற்கள் தாளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தாள் முடிந்தால் 1993 வசந்தத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். அவள் நேர்முகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். கோப்பு மூடப்பட்டது.

நிறுத்தச் சொன்னேன். பழைய கடிதம் சரியானது என்றேன். அந்தச் சொல்லும் சரியானது. அதை அப்படியே விட்டு, நடுவில் ஒன்றை மட்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவள் இறந்ததை. அவள் பெயரை.

"பெமூடையும் வைத்துக்கொண்டா? எடுக்கமாட்டார்கள்."

"தெரியும்."

அவர் தாளை மாற்றினார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் இரண்டு விரலால் அடித்தார். எங்கள் பெயர்கள் நீளம். வரி போதாமல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போனது. இரண்டு தரம் எழுத்துப் பிழைத்தது. இரண்டு தரமும் திருத்து மை பூசாமல் புதுத் தாள் போட்டார்.

பேர்சிக்கு ரெலிபோனில் சொன்னேன். பெமூட் என்றால் என்னவென்றும் சொன்னேன். பிறகு, "அண்ணை, நான் ஓல்டனில எத்தினை பேருக்கு இதை நல்லதெண்டு வாசிச்சுக் குடுத்திருக்கிறன் தெரியுமோ?" என்றான். அவன் குரலை அப்படி நான் முன்னர் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சூர்சேக்குப் போனேன். வில்லிகர் அம்மா நின்றபடியே கடிதத்தை வாங்கினார். முதல் பந்தியை வாசித்தார். இரண்டாம் பந்தியில் அவர் கண் நின்றது.

"இந்தச் சொல் இன்னும் இருக்கிறதே."

"அது உண்மை," என்றேன். "ஒரு வருடம் நான் அங்கே இருக்கவில்லை."

"குழு கேட்கும். பதில் சொல்வீர்களா?"

"சொல்வேன்."

அவர் திரும்பவும் கடிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி உடைந்திருந்த இடத்தை விரலால் சேர்த்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். ஷந்திர. ஷந்திரா மாட்டி. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்லிக் காட்டினேன். இரண்டாம் தரமும் சரியாக வரவில்லை. விடவில்லை. மூன்றாம் தரம் வந்தது.

பேர்சி அவளை அக்கா என்றுதான் சொல்வான். தவச்செல்வனும் அக்கா. இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடத்தில் அந்தப் பெயரை வேறொரு வாய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

குழு பத்து மணிக்குக் கூடியது. நாற்பது நிமிடம் கேட்டார்கள். மூன்று மாதம் பரீட்சார்த்தமாக எடுத்தார்கள். ஜூன் முதலாம் திகதி, காலை ஏழு மணி, வெள்ளைச் சப்பாத்து, என்றார் வில்லிகர் அம்மா.